சாவி கொடுக்கும்போது வீட்டில் என்னென்ன இருக்கும்? எஸ்போவிலிருந்து பிராட்டிஸ்லாவா வரை

முதல் நாள், எஸ்போ

மகளும் மாப்பிள்ளையும் பின்லாந்தின் எஸ்போ நகரில் புது வீடு வாங்கப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை மேசைமேல் வைத்த தாளில் ஒரே வீட்டுக்கு இரண்டு விலை போட்டிருந்தது. கோயம்புத்தூரில் 28 ஆண்டுகள் நான்கு மாடி, ஐந்து மாடி என்று வீடு கட்டி விற்றவன் நான். பத்திரத்துக்கு ஒரு விலை, பைக்கு ஒரு விலை என்று பேசும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதை அச்சடித்தே கொடுக்கும் ஊரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றேன். மகள் சிரித்தாள். "அப்பா, இது அது இல்லை."

உண்மைதான், இது வேறு. பின்லாந்தில் அடுக்குமாடியில் வீடு வாங்குகிறவர் வாங்குவது வீட்டை அல்ல, பங்கை. ஒவ்வொரு கட்டடமும் ஒரு கம்பெனி. சுவரும் கூரையும் படிக்கட்டும் அந்தக் கம்பெனியின் சொத்து. இன்ன எண்ணிலிருந்து இன்ன எண் வரையுள்ள பங்குகள் யாரிடம் இருக்கின்றனவோ, அவர் இன்ன வீட்டில் குடியிருக்கலாம். கட்டடம் எழும்பும்போது கம்பெனியே தன் பெயரில் வங்கிக் கடன் வாங்குகிறது. 'கடனற்ற விலை', அதாவது அந்தக் கடனின் பங்கையும் சேர்த்த முழு விலை, 3,00,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். அதில் கம்பெனிக் கடனின் பங்கு 1,80,000. கையிலிருந்து கட்ட வேண்டிய 'விற்பனை விலை' 1,20,000 மட்டும். மீதியை மாதாமாதம் பராமரிப்புத் தொகையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

விளம்பரத்தில் எந்த எண் பெரிய எழுத்தில் இருக்கும் என்று வீடு விற்றவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரசாங்கமும் விழித்துக்கொண்டிருக்கிறது. 2023 ஜூலையிலிருந்து, புதுக் கட்டடத்தில் இந்தக் கம்பெனிக் கடன் விலையில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, 30 ஆண்டுகளுக்குள் அடைய வேண்டும், முதல் ஐந்து ஆண்டுகள் வட்டியை மட்டும் கட்டிக் காலம் தள்ளவும் முடியாது. எனக்கு உறுத்தியது வேறொன்று. பக்கத்து வீட்டுக்காரர் கட்டாவிட்டால்? கம்பெனி கட்ட வேண்டும். கம்பெனி என்றால் யார்? மீதிப் பங்குக்காரர்கள். "அப்படியெல்லாம் இங்கே கட்டாமல் இருக்க மாட்டார்கள் மாமா" என்றார் மாப்பிள்ளை. அவர் நம்புகிறார். நான் தொழில் செய்தவன்.

சாயங்காலம் அவர்கள் இப்போது வாடகைக்கு இருக்கும் கட்டடத்தின் அடித்தளத்துக்குக் கூட்டிப்போனார். சைக்கிள்கள், பனிச்சறுக்குக் கட்டைகள், பேத்தியின் பழைய தள்ளுவண்டி. கதவு மட்டும் வங்கிப் பெட்டகத்தின் கதவுபோல இரும்பில். போர்க்கால மறைவிடமாம். 1,200 சதுர மீட்டருக்கு மேல் குடியிருப்பு கட்டினால் இது இல்லாமல் அனுமதி கிடையாது. உத்தரவு வந்தால் 72 மணி நேரத்தில் சாமான்களை வெளியே எடுத்துவிட்டு ஆட்கள் உள்ளே போகத் தயாராக வேண்டும். சுவரைத் தட்டிப் பார்த்தேன். இதற்குப் போட்டிருக்கும் கம்பியும் கான்கிரீட்டும் எத்தனை டன் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. ரஷ்யா பக்கத்து நாடு என்பதை வரைபடத்தில் பார்ப்பது ஒன்று, கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் பார்ப்பது ஒன்று.

இரண்டாம் நாள், ஹெல்சிங்கி பாசிலா

மகளும் மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருக்கும் வீடு ஒய்.ஐ.டி. என்னும் கட்டுமான நிறுவனம் கட்டுவது. 'பொதுப் பொறியியல் அலுவலகம்' என்பதன் பின்னிஷ் முதலெழுத்துகள். 1912இல் ஒரு சுவீடன் நிறுவனம் ஹெல்சிங்கியில் திறந்த கிளைதான் மூலம். அன்றைய தொழில் ஊர்களுக்குத் தண்ணீர்க் குழாய் போடுவது. தண்ணீர் வேலையில் தொடங்கியவர்கள் என்றதும் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. கட்டடத்தில் முக்கால்வாசிச் சண்டை தண்ணீரால்தான் வருகிறது.

அவர்கள் கட்டிய பெரியதொன்றைப் பார்க்கலாம் என்று பாசிலா போனோம். திரிப்ளா: அடியில் ரயில் நிலையம், நடுவே அங்காடி, மேலே ஓட்டல், அலுவலகம், குடியிருப்பு எல்லாம் ஒரே வளாகத்தில். அங்காடி திறந்தது 2019 அக்டோபர். ரயில்களை ஓடவிட்டுக்கொண்டே அதன் தலைமேல் வாணம் தோண்டிக் கட்டுவது லேசான காரியம் அல்ல. மனைவிக்கும் மகளுக்கும் கடைகள். நான் தூண்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.

மாப்பிள்ளை காபி குடித்தபடி சொன்ன கதை கடைகளைவிடச் சுவையாக இருந்தது. இங்கே வீட்டுக் கடன் வட்டி பெரும்பாலும் 12 மாத யூரிபோரை, அதாவது ஐரோப்பிய வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுக்கும் வட்டி விகிதத்தை, தொற்றிக்கொண்டு ஏறி இறங்கும். 2022 தொடக்கத்தில்கூட அது பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது. 2023 இலையுதிர் காலத்தில் 4 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. ஒன்றரை ஆண்டுக்குள் மாதத் தவணை எங்கோ போய்விட்டது, புது வீடு வாங்க ஆள் இல்லை, கிரேன்கள் நின்றுவிட்டன. அதே 2022இல் இன்னொரு அடி. பல ஆண்டுகளாக ரஷ்யாவில் வீடு கட்டிவந்த ஒய்.ஐ.டி., உக்ரைன் போர் தொடங்கிய சில மாதங்களில் அந்தத் தொழிலை அங்குள்ள ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. மிஞ்சியது பால்டிக் நாடுகள், போலந்து, செக், ஸ்லோவாக்கியா. இப்போது நிறுவனத்தின் கணக்கில் பின்லாந்து வீடுகள் ஒரு பிரிவு, மத்திய, கிழக்கு ஐரோப்பிய வீடுகள் தனிப் பிரிவு.

அங்கே எப்படி விற்கிறார்கள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். எனக்கு ஊர் திரும்ப இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. மனைவி பேத்தியை விட்டு நகரமாட்டேன் என்றாள். நான் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள், தாலின்

எஸ்டோனியாவின் தலைநகருக்குக் கப்பலில் இரண்டு மணி நேரம், 80 கிலோமீட்டர். கப்பலில் பின்லாந்துக்காரர்கள் எதற்குப் போகிறார்கள் என்பது அவர்கள் இழுத்துப்போகும் வெற்றுத் தள்ளுவண்டிகளிலேயே தெரிகிறது. திரும்பும்போது அதில் பீர் ஏறும்.

துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் விரு ஓட்டல். சோவியத் காலத்தில் பின்லாந்துக் கட்டடக்காரர்களைக் கொண்டு கட்டி 1972இல் திறந்தது. வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஓட்டல் என்பதால் 23ஆம் மாடியில் சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி. ஒட்டுக்கேட்கும் அறை வைத்திருந்தது, இப்போது அருங்காட்சியகம். கட்டிக்கொடுத்த நிறுவனம் பிற்பாடு நொடித்துப்போனது. கடல் தாண்டிப்போய்க் கட்டும் தொழிலின் முதல் பாடத்தைத் தாலின் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இங்கே பங்கு விவகாரம் இல்லை. வீடு உன்னுடையது, நிலத்தில் உன் பங்கும் அதோடு பதிவாகும். நம் ஊரில் 'பிரிபடாத பாகம்' என்று பத்திரத்தில் எழுதுவதுதான். 2018 ஜனவரி 1 முதல் எல்லா அடுக்குமாடிக்கும் உரிமையாளர் சங்கம் சட்டப்படி தானாகவே உண்டு. சேரமாட்டேன் என்று முரண்டு பிடிக்க வழியில்லை. சங்கம் அமைக்கச் சொல்லி மூன்று ஆண்டுகள் நான் வீடு வீடாக அலைந்த கதை நினைவுக்கு வந்தது.

தாலினின் லாஸ்னமே வட்டாரத்தில் வரிசை வரிசையாக, வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய சோவியத் பலகைக் கட்டடங்கள். அவற்றிலிருந்து வெளியேறி வருகிறவர்கள்தான் புது வீட்டுக்கு வாடிக்கையாளர்கள். மாதிரி வீடு ஒன்றைப் பார்த்தேன். மரத்தளம், குளியலறை ஓடு, கதவு எல்லாம் முடிந்திருந்தது. சமையலறையில் மட்டும் சுவரிலிருந்து இரண்டு குழாய் நீட்டிக்கொண்டிருந்தன. பொதுவாக இங்கே சமையலறை அலமாரி விலையில் சேராதாம். எஸ்போ வீட்டிலோ குளிர்பதனப் பெட்டி, அடுப்பு, பாத்திரம் கழுவும் எந்திரம் எல்லாம் வைத்துத்தான் சாவி கொடுப்பார்கள். ஒரு கடலைத் தாண்டியதும் அடுப்படி போய்விட்டது. குறிப்பேட்டில் ஒரு பக்கத்தைப் பிரித்து, 'சாவி கொடுக்கும்போது என்ன இருக்கும்' என்று தலைப்புப் போட்டேன்.

நான்காம் நாள், ரிகா

பஸ்ஸில் நாலரை மணி நேரம். பைன் மரம், பைன் மரம், பிறகு பைன் மரம்.

ரிகாவில் கேட்டதுதான் இந்தப் பயணத்திலேயே என்னை அதிகம் திகைக்கவைத்தது. சோவியத் அரசு 1940க்குப் பிறகு நிலங்களைப் பிடுங்கி அவற்றின்மேல் அடுக்குமாடிகளைக் கட்டியது. லாட்வியா விடுதலை பெற்றதும் நிலத்தைப் பழைய உரிமையாளர்களின் வாரிசுகளுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். வீடுகளை, குடியிருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். இரண்டும் நியாயம். ஆனால் முடிவு? ஐந்தாம் மாடிக் கிழவியின் வீடு அவளுடையது. அதன் அடியிலுள்ள மண் முன்பின் பார்த்திராத ஒருவருடையது. ஆண்டுதோறும் அவருக்கு நிலத்துக்கான பணம் கட்டிக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு தொகை, இன்ன விழுக்காடு என்று நாடாளுமன்றமும் நீதிமன்றமும் பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டன.

இங்கே புது வீடு விற்கிறவர் வாய் திறந்ததும் முதலில் சொல்வது, "நிலமும் உங்களுடையது." எஸ்போவில் சவுனா என்னும் வெந்நீராவிக் குளியல் அறை இருக்கிறதா என்று கேட்கிறார்கள், இங்கே மண் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

ஐந்தாம் நாள், வில்னியஸ்

மழை. அதிகம் சுற்றவில்லை. லிதுவேனியாவில் புதிதாகக் கட்டுவது எதுவானாலும் எரிசக்தித் தரத்தில் ஏ பிளஸ் பிளஸ் எட்ட வேண்டும் என்பது 2021 முதல் விதி. கட்டுமானம் நடக்கும் ஓரிடத்தில் வெளிச்சுவருக்கு ஒட்டிய வெப்பத்தடுப்புப் பலகையின் கனத்தைப் பார்த்தேன். என் முழங்கை வரை வருகிறது. உள்ளே வந்தாலோ நிலைமை தலைகீழ். பல வீடுகளைப் 'பாதி முடிப்பு' நிலையில்தான் கொடுக்கிறார்கள். சுவரில் பூச்சு உண்டு, பட்டியும் பெயின்டும் கிடையாது. தரையில் சிமென்ட் தளம் உண்டு, மேலே எதுவும் கிடையாது. வாசல் கதவு உண்டு, அறைக் கதவு கிடையாது. குறிப்பேட்டில் 'அடுப்படி இல்லை' என்பதற்குக் கீழே 'தரை இல்லை' என்று சேர்த்தேன்.

ஆறாம் நாள், ரயிலில்

வில்னியஸிலிருந்து வார்சாவுக்கு ரயில். எல்லைக்குப் பக்கத்தில் மொட்ஸ்காவா என்னும் சின்ன நிலையத்தில் எல்லாரும் பெட்டி படுக்கையோடு இறங்கி எதிர்த்தாற்போல நிற்கும் ரயிலில் ஏற வேண்டும். இந்தப் பக்கத் தண்டவாளம் 1,520 மில்லிமீட்டர் அகலம், ரஷ்யாவின் அளவு. அந்தப் பக்கம் 1,435. நம் ஊரில் மீட்டர் கேஜ், பிராட் கேஜ் மாறி ஏறிய தலைமுறை நான். பழைய நண்பனைப் பார்த்ததுபோல இருந்தது. குளிரில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒரு போலந்துப் பாட்டிக்கு அப்படித் தோன்றவில்லை.

ஏழாம் நாள், வார்சா

போலந்து மொழியில் ஒரு சொல் கற்றுக்கொண்டேன்: 'ஸ்டான் டெவெலொபெர்ஸ்கி'. கட்டுநர் நிலை. கட்டுகிறவர் கைகழுவும் நிலை என்று நான் மொழிபெயர்ப்பேன். பூசிய சுவர், சிமென்ட் தரை, ஜன்னல், வாசல் கதவு, சுவருக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் ஒயர்கள். குளியலறையில் ஓடு இல்லை, பேசின் இல்லை. இங்கே இது குறை அல்ல, வழக்கம். வாங்கியவர் அதன்பின் மேஸ்திரி தேடி, ஓடு தேடி, மாதக்கணக்கில் அலைந்து குடிபோவார். மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் ஒருவரின் தம்பி என்னைக் கூட்டிப்போனார். அவர் வாங்கிய வீட்டைக் கட்டியவர் வேறொருவர், பெயர் வேண்டாம். வீட்டை ஒப்புக்கொள்ளும் நாளில், கூலிக்கு அமர்த்திய பொறியாளர் ஒருவர் இரண்டு மீட்டர் ரசமட்டத்தோடு வந்து எல்லாச் சுவரிலும் வைத்துப் பார்த்தாராம். ஒரு மூலை செங்கோணத்தில் இல்லை. "எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டேன். சொன்னார். என் கட்டடங்களை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

இந்த விழிப்பு சும்மா வந்ததல்ல. முன்பணம் வாங்கிக்கொண்டு கட்டுநர்கள் நொடித்துப்போக, மக்கள் நடுத்தெருவில் நின்ற கதைகள் இங்கே நிறைய. 2012இல் நடைமுறைக்கு வந்த சட்டம், வாங்குகிறவரின் பணத்தை வங்கியில் தனிக் காப்புக் கணக்கில் போடச் சொன்னது. 2022 ஜூலையில் வந்த புதுச் சட்டம் அதோடு ஓர் உத்தரவாத நிதியையும் சேர்த்தது. கட்டுநர் ஒவ்வொருவரும் அதில் பணம் போட வேண்டும். அதுவும் போதாதென்று, எல்லா வீட்டின் விலையையும் இணையத்தில் வெளிப்படையாகப் போட்டாக வேண்டும் என்று 2025இல் கட்டாயமாக்கிவிட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 11 முதல் பழைய திட்டங்களுக்கும் விலக்கில்லை. 'விலைக்கு அழைக்கவும்' என்று தட்டி வைத்தே பிழைத்த எங்கள் கூட்டத்துக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. வாங்குகிறவனாக இப்போது யோசிக்கும்போது, இதை ஏன் முன்பே செய்யவில்லை என்றிருக்கிறது.

ஒய்.ஐ.டி. இங்கே வைக்கும் பெயர்களைப் பாருங்கள்: 'நார்டிக் மொகோடூவ்', 'நார்டிக் பெமோவோ'. மொகோடூவும் பெமோவோவும் வார்சாவின் வட்டாரங்கள். முன்னால் 'நார்டிக்' என்று ஒட்டிவிட்டால் போதும், வாங்குகிறவர் மனத்தில் பைன் மரமும் வெளிச்சமும் நேர்மையான சுவரும் வந்துவிடுகின்றன.

எட்டாம் நாள், பிராக்

அந்தப் பெயர் வித்தையின் உச்சம் பிராக்கில்தான். நகரின் கிழக்கே ஹ்லொபியெட்டின் பகுதியில் ஒய்.ஐ.டி. ஒரு பேட்டையையே எழுப்பி 'சுவோமி ஹ்லொபியெட்டின்' என்று பெயர் வைத்திருக்கிறது. சுவோமி என்றால் பின்லாந்து மொழியில் பின்லாந்து. கட்டடங்களுக்கும் அந்நாட்டு ஊர்ப் பெயர்கள். மெட்ரோவில் இறங்கி நடந்தேன். வெள்ளைச் சுவர், அகல ஜன்னல், நடுவே புல்வெளி, குழந்தைகள் விளையாடும் மரச்சாமான்கள். எஸ்போவில் பார்த்ததன் உடன்பிறப்புத்தான். உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் நாயோடு பேசிக்கொண்டிருந்தது மட்டும் செக் மொழியில்.

செக் விளம்பரங்களில் 2+கேகே, 3+1 என்று கணிதம்போலப் போட்டிருப்பார்கள். 3+1 என்றால் மூன்று அறையும் தனிச் சமையலறையும். 'கேகே' என்றால் சமையல் மூலை. கூடத்தின் ஓரத்திலேயே அடுப்பு. புதுக் கட்டடங்களில் எல்லாம் கேகே மயம்தான். தாளிக்கிற வீட்டுக்கு ஒத்துவராது என்று மனைவிக்குச் செய்தி அனுப்பினேன். "நீங்கள் எங்கே அங்கே வாங்கப்போகிறீர்கள்?" என்று பதில் வந்தது.

ஓர் அளவுமுறை பிடித்திருந்தது. வீட்டின் பரப்பு என்றால் வெளிச்சுவரின் உள்முகத்துக்கு உள்ளே இருப்பதெல்லாம், உள் தடுப்புச் சுவர்களும் சேர்த்து என்று 2013இல் அரசாணையே போட்டுவிட்டார்கள். வீடு கட்டி விற்பதை ஒழுங்குபடுத்தும் நம் ரெரா சட்டத்தின் கார்ப்பெட் ஏரியாவும் ஏறத்தாழ அதுதான். படிக்கட்டையும் லிப்டையும் மொட்டைமாடித் தொட்டியையும் பங்கு போட்டு 'சூப்பர் பில்ட்-அப்' என்று விற்ற காலத்தில் நானும் இருந்தேன். 850 சதுர அடியை 1,100 என்று சொல்லி விற்றிருக்கிறேன். எல்லாரும் செய்தார்கள், நானும் செய்தேன்.

ஒன்பதாம் நாள், பிராட்டிஸ்லாவா

வியன்னாவுக்கு 60 கிலோமீட்டரில் ஸ்லோவாக்கியாவின் தலைநகரம். ஆற்றுக்கு அக்கரையில் பெட்ர்ஷால்கா. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் குடியிருக்கும் பலகைக் கட்டடக் காடு. அதைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. நான் வந்தது இக்கரையிலுள்ள ஒரு நூல் ஆலைக்கு.

சிவெர்னோவ்கா என்று ஊரார் அழைத்த தையல்நூல் ஆலை. நூறாண்டு ஓடி நின்றது. இடத்தை எடுத்து ஒய்.ஐ.டி. குடியிருப்பு கட்டியது. பெயர் 'ஸ்விர்ன்', ஜெர்மன் மொழியில் முறுக்கு நூல். வார்சாவில் நார்டிக், பிராக்கில் சுவோமி என்றெல்லாம் பெயர் வைத்தவர்கள் இங்கே ஊரின் நினைவையே பெயராக்கிவிட்டார்கள். இடிக்க முடியாதபடி பாரம்பரியச் சின்னமாக நின்ற பழைய நூற்புக் கூடத்தைப் பழுதுபார்த்து அலுவலகமாக்கியிருக்கிறார்கள். 1900 என்ற ஆண்டு அதன் பெயரிலேயே இருக்கிறது. செங்கல் சுவர், உயரமான ஜன்னல் வரிசை. ஜன்னல் ஏன் அவ்வளவு உயரம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். அறுந்த இழையைக் கண்ணால் தேடிப் பிடிக்க வெளிச்சம் வேண்டும். என் அப்பா சிங்காநல்லூரில் ஒரு மில்லில் மூன்று ஷிஃப்ட் பார்த்தவர். அந்த மில் இருந்த இடத்திலும் இன்று அடுக்குமாடிதான். ஒரு சுவர்கூட மிச்சமில்லை. சட்டம் இல்லாவிட்டால் இங்கேயும் மிஞ்சியிருக்காது என்றே நினைக்கிறேன். கட்டுகிறவனுக்கு வெறும் மனைதான் அழகு.

விற்பனை விவரத்தில் கடைசிச் சொல்லையும் பிடித்தேன்: 'ஹொலோபித்', மொட்டை வீடு. உள்கதவு, தரை, குளியலறை ஓடு எதுவும் இல்லாதது. வேண்டுமானால் கூடுதல் பணம் கொடுத்து முடித்த வீடாக வாங்கலாம். ஸ்லோவாக்கியாவில் மதிப்புக் கூட்டு வரி 2025இல் 23 விழுக்காடு ஆகிவிட்டது. செக்கில் 120 சதுர மீட்டர் வரையுள்ள வீட்டுக்கு 12தான், போலந்தில் 150 வரை 8தான். மொட்டை வீட்டை வாங்குகிறவர் ஓடு, கதவு, கூலி என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்ப்பது ஏன் என்று அப்போது புரிந்தது. கதவை அடுத்த சம்பளத்தில் போட்டுக்கொள்ளலாம்.

இரவு மகள் அழைத்தாள்.

"அப்பா, திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?"

"அடுப்பு இருக்கிறது, தரை இருக்கிறது, சவுனா இருக்கிறது. ஓராண்டு கழித்து வந்து குறைகளைச் சரிசெய்யவும் சட்டம் இருக்கிறது."

"அப்படியானால் போடலாமா?"

"நிலம் கம்பெனியுடையதா, நகராட்சியிடம் குத்தகையா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. காகிதம் புரட்டும் ஒலி கேட்டது.

"குத்தகைதான் அப்பா. நகராட்சி நிலம்."

"எத்தனை ஆண்டு? வாடகை எதை வைத்து ஏறும்? அதைக் கேட்டுவிட்டுப் போடு. நான் நாளை மறுநாள் வந்துவிடுகிறேன்."